தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்

முன்னுரை

பொருள் ஈட்டுவோர் உலகிற் பலர். ஈட்டிய பொருளைப் பேணிக் காப்போரும் பலர். ஈட்டிய பொருள் இன்ன பணிக்கே உரியது என்று உறுதி பூண்டு, அப்பணியின் பொருட்டே அதனைச் செலவிடுவோர் மிகச் சிலர். அத்தகைய சிலருள் ஒருவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். அவர் மருந்து செய்து விற்றவர். அவ்வாணிகத்தால் பெருஞ்செல்வம் எய்தியவர். முன்னாளில் மன்னர் இசைக்குச் செய்துவந்த பணியை, அச்செல்வத்தைக் கொண்டு தனி ஒருவராய் நின்று செய்தவர்.

தஞ்சை நெடுங்காலமாக இசைக்கு இருப்பிடமாய் விளங்கிய நகரம். சோழர், நாயக்கர், மராட்டியர் ஆகிய மூவகை மன்னரும் அங்கே கலைஞரைப் போற்றினர். மராட்டிய மன்னரின் அதிகாரம் 1799-ஆம் ஆண்டிற்குப் பின் கோட்டை அளவில் சுருங்கிற்று. 1855-ஆம் ஆண்டில் இரண்டாம் சிவாசி மன்னர் ஆண்மகவின்றி மறைந்தார். அதனோடு தஞ்சை அரசும் முடிவுற்றது. அரண்மனைச் சோறுண்டு வாழ்ந்த இசைவாணர் புகலிடம் தேடிப் பல ஊர்களுக்குச் சென்றனர். அரசு மறைந்த நகரத்தில் இசையைப் போற்றுவார் யாவர் என்னும் வினா எழுந்தது. அவ்வினாவிற்கு விடையாக வந்தவர் அரசரும் அல்லர், பெருநிலக்கிழாராகப் பிறந்தவரும் அல்லர். பள்ளி ஆசிரியராகத் தஞ்சைக்கு வந்து மருத்துவரான ஆபிரகாம் பண்டிதரே ஆவர்.

பிறப்பும் கல்வியும்

அக்காலத் திருநெல்வேலிச் சீமையில், இக்காலத்தில் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்ததாகிய சாம்பவர் வடகரை என்னும் ஊரில், 1859-ஆம் ஆண்டு ஆகத்து 2-ஆம் நாள் ஆபிரகாம் பிறந்தார். தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். கிறித்தவ நெறியில் ஒழுகிய அக்குடும்பத்தில் கல்வி ஒன்றே மக்களுக்கு வைக்கத்தக்க செல்வமாக இருந்தது.

ஆபிரகாம் ஆசிரியப் பயிற்சி பெறும்பொருட்டுத் திண்டுக்கல்லுக்குச் சென்றார். பயிற்சி முடித்தபின் அவ்வூரிலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். பாடநூலோடு நின்றுவிடும் இயல்பு அவரிடம் இல்லை. கைத்தொழில் எதனைக் கண்டாலும் அதன் நுட்பத்தை அறியாமல் அவர் மனம் அமைதியுறாது. ஒளிப்படம் எடுக்கும் கலையையும் அச்சுத்தொழிலையும் அவர் ஆர்வத்தோடு பயின்றார். இவை யாவற்றினும் மேலாக அவர் உள்ளத்தைக் கவர்ந்தது இசை. திண்டுக்கல்லில் வாழ்ந்த சடையாண்டிப் பத்தர் என்பாரை அடுத்துப் பிடில் வாசிக்கக் கற்றார். பின்னாளில் தஞ்சையில் பிச்சைமுத்துப் பிள்ளையிடம் மேனாட்டு இசை முறையையும் அறிந்துகொண்டார். ஒரு கலையை இரு வழியாலும் அறிந்தமையால், இரண்டினையும் ஒப்புநோக்கி ஆராயும் திறம் அவருக்கு வாய்த்தது.

சுருளிமலைத் துறவி

ஆபிரகாமின் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி சுருளிமலையில் நிகழ்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கை அடுத்து, இக்காலத் தேனி மாவட்டத்தில் உள்ளது அம்மலை. அருவியும் குகைகளும் மூலிகைகளும் நிறைந்த அவ்விடம் சித்தர்கள் உறைந்த இடம் என்று மக்களால் மதிக்கப்படுவது. மருத்துவத்தில் நாட்டங்கொண்ட ஆபிரகாம் அம்மலைக்குச் சென்றபோது, கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டார். அவர் கிறித்தவ இளைஞரை மாணாக்கராக ஏற்றுக்கொண்டார். மூலிகைகளின் இயல்பையும் மருந்து செய்யும் முறையையும் அவருக்கு உணர்த்தினார்.

ஆசிரியரிடத்து ஆபிரகாம் கொண்ட நன்றி இறுதிவரை குன்றவில்லை. தாம் செய்த மருந்துகளுக்கும், உண்டாக்கிய தோட்டத்திற்கும், எழுதிய பெருநூலுக்கும் அம்முனிவர் பெயரை நினைவூட்டும் பெயர்களையே சூட்டினார். சமயம் வேறாயினும், கல்வி தந்தவரை மறவாத பண்பு அவரிடம் சிறந்து விளங்கிற்று.

தஞ்சையில் ஆசிரியப் பணி

1882-ஆம் ஆண்டில் ஆபிரகாம், ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் கல்வியறிவுடைய மங்கையை மணந்தார். மறு ஆண்டில் இருவரும் தஞ்சைக்கு வந்தனர். அங்கே நேப்பியர் சீமாட்டியார் பெயரால் நடைபெற்ற பெண்கள் பள்ளியில் பொன்னம்மாள் தலைமையாசிரியராகவும், ஆபிரகாம் தமிழாசிரியராகவும் அமர்ந்தனர். மனைவி தலைமை தாங்கும் பள்ளியில் கணவர் அவர்கீழ்ப் பணிபுரிவது அக்காலத்தில் அரிய செய்தி. அதனைக் குறைவாக எண்ணாத பெருமனம் ஆபிரகாமிடம் இருந்தது.

பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதில் அவர் மருந்து செய்து பிணியாளருக்கு வழங்கிவந்தார். நாளடைவில் அவரை நாடி வருவோர் தொகை பெருகிற்று. இரு பணியையும் ஒருங்கே செய்தால் இரண்டும் குறைவுபடும் என்பதை உணர்ந்து, 1890-ஆம் ஆண்டில் அவர் ஆசிரியப் பணியினின்று விலகினார். மாதந்தோறும் தவறாது வரும் ஊதியத்தை விடுத்து, வருவாய் உறுதியில்லாத தொழிலை மேற்கொள்வது எளிதன்று. பொன்னம்மாளும் அத்துணிவிற்குத் துணைநின்றார். மருத்துவரைப் பண்டிதர் என்று அழைக்கும் அக்கால வழக்கின்படி ஆபிரகாம் அதுமுதல் ஆபிரகாம் பண்டிதர் ஆனார்.

கருணாநிதி வைத்தியசாலை

பண்டிதர் நிறுவிய மருந்துச்சாலை கருணாநிதி வைத்தியசாலை என்னும் பெயர் பெற்றது. அக்காலத்தில் பிணியை ஆய்பவரும் மருந்தைச் செய்பவரும் அதனை விற்பவரும் ஒருவராகவே இருந்தனர். சித்த மருத்துவத்தில் மருந்து செய்தல் மிகுந்த பொறுமையை வேண்டுவது. மூலிகையை உரிய பருவத்திற் பறித்தல் வேண்டும்; சரக்குகளை முறைப்படி தூய்மை செய்தல் வேண்டும்; கல்வத்தில் இட்டு இத்தனை சாமம் என்று வகுத்தவாறு அரைத்தல் வேண்டும்; புடமிடுங்கால் எருவின் அளவும் தீயின் அளவும் பிழையாமை வேண்டும். குன்றிமணி அளவு மிகினும் குறையினும் மருந்து பயன்படாது. சில வேளை நஞ்சாகவும் மாறும். பிறர் உயிரைத் தம் நிறைகோலில் வைத்திருப்பவர் மருந்து செய்வோர். ஆதலின் அளவு பிழையாமையே அவர்க்கு அறமாகும். அவ்வறத்தில் பண்டிதர் நிலைத்து நின்றார்.

கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்னும் பெயரால் அவர் செய்த மருந்துகள் தஞ்சையைக் கடந்து பரவின. அக்காலம் புகைவண்டிப் பாதைகளும் அஞ்சல் நிலையங்களும் நாடெங்கும் பெருகிய காலம். 1877-ஆம் ஆண்டில், பொருளைப் பெறுவோரிடமே விலையைப் பெற்று அனுப்பியவருக்குச் சேர்ப்பிக்கும் முறையையும் இந்திய அஞ்சல் துறை தொடங்கியிருந்தது. ஒரு சிற்றூரில் செய்யப்படும் பொருளும் தொலைநாட்டில் விற்கத்தக்க நிலை ஏற்பட்டது. பண்டிதரின் மருந்துகள் தமிழகத்திலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் இலங்கையிலும் பர்மாவிலும் புகழ் பெற்றன. கடல் கடந்து சென்ற தமிழர், தம் நாட்டு மருந்து என்று அவற்றை விரும்பி வாங்கினர். வைத்தியசாலையின் வருவாய் ஆண்டுதோறும் வளர்ந்தது.

பண்டிதர் தோட்டம்

மருந்து நல்லதாக வேண்டுமாயின் மூலிகை நல்லதாக வேண்டும். இதனை அறிந்த பண்டிதர், தஞ்சை நகரத்தின் புறத்தே ஏறத்தாழ 100 ஏக்கர் நிலத்தை வாங்கி, அதனைத் திருத்தித் தோட்டமாக்கினார். கருணானந்தபுரம் என்பது அவர் அதற்கு இட்ட பெயர். மக்களோ அதனைப் பண்டிதர் தோட்டம் என்றே வழங்கினர்.

அத்தோட்டத்தில் மூலிகைகள் மட்டுமன்றிக் கரும்பு முதலிய பயிர்களும் வளர்க்கப்பட்டன. புதிய வகைகளைப் பயிரிட்டுப் பார்ப்பதிலும், நீர்ப்பாய்ச்சும் முறைகளை ஆராய்வதிலும் பண்டிதர் ஈடுபட்டார். வேளாண்மைக் கண்காட்சிகளில் அத்தோட்டத்து விளைபொருள்கள் பரிசு பெற்றன. சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி அத்தோட்டத்தை நேரிற் கண்டு பாராட்டினார். 1909-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் பண்டிதருக்கு இராவ் சாகிப் என்னும் பட்டம் வழங்கினர்.

இசையில் எழுந்த ஐயம்

செல்வமும் பட்டமும் எய்திய ஒருவர் அமைதியாக வாழ்ந்திருக்கலாம். பண்டிதரின் உள்ளத்தில் இளமைமுதல் வளர்ந்துவந்த இசை வேட்கை அதற்கு இடங்கொடுக்கவில்லை. இசை பயிலும் தமிழ்ச் சிறுவர் பொருள் விளங்காத பிறமொழிப் பாடல்களையே தொடக்கத்திற் கற்று வருவதை அவர் கண்டார். அக்குறை நீங்கத் தாமே தமிழில் பாடல்கள் இயற்றி, கருணாமிர்த சாகரத் திரட்டு என்னும் பெயரால் 1907-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அதனினும் பெரிய ஐயம் ஒன்று அவரை வருத்திற்று. ஒரு சட்சத்திற்கும் அதன்மேல் உள்ள சட்சத்திற்கும் இடையே செவியால் உணரத்தக்க நுண்ணிய ஒலிநிலைகள் சுருதிகள் எனப்படும். அவை இருபத்திரண்டு என்று 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் தம் சங்கீத ரத்நாகரத்தில் கூறியிருந்தார். பின்வந்தோர் பலரும் அவ்வெண்ணையே கூறினர். ஆயின் அந்த இருபத்திரண்டு நிலைகளையும் வீணையில் அளந்து காட்டுமாறு கேட்டபோது, ஒருவர் காட்டியது மற்றொருவர் காட்டியதோடு ஒத்துவரவில்லை. மருந்துச் சரக்கைக் குன்றிமணியால் நிறுத்துப் பழகிய பண்டிதருக்கு, அளந்து காட்டவியலாத கணக்கு மனநிறைவு தரவில்லை.

அந்நிலையில் அவருக்குத் துணைசெய்தது சிலப்பதிகாரம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அந்நூலை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் 1892-ஆம் ஆண்டில் பதிப்பித்திருந்தார். அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் காணப்படும் இசைச் செய்திகளைப் பண்டிதர் நுணுகி ஆராய்ந்தார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைகளை வட்டமாக நிறுத்திக் காட்டும் முறை அங்கே இருந்தது. குரலுக்கு இளி, அவ்விளியைக் குரலாகக் கொண்டால் அதற்கு இளி என்று தொடர்ந்து சென்றால், பன்னிரண்டு அடியில் தொடங்கிய இடத்திற்கே மீளுதல் வேண்டும். வழக்கில் இருந்த பின்னக் கணக்கின்படி சென்றாலோ, முடிவில் ஒரு சிறு மிகுதி நின்றது, வட்டம் கூடவில்லை. எல்லா இடைவெளிகளும் ஒத்த அளவினவாய் அமைந்தாலே வட்டம் கூடும் என்று பண்டிதர் துணிந்தார். அவ்வாறு ஆயப்பாலையில் பன்னிரண்டும், வட்டப்பாலையில் இருபத்துநான்கும் ஆகச் சுருதிகள் அமையும் என்பது அவர் கண்ட முடிபு.

சங்கீத வித்தியா மகாசன சங்கம்

தாம் கண்ட முடிபைத் தம்மளவில் வைத்துக்கொள்ளப் பண்டிதர் விரும்பவில்லை. கற்றோர் அவையில் வைத்து ஆராய்ந்து, குறையுளதாயின் திருத்திக்கொள்ளவே விரும்பினார். 1911-ஆம் ஆண்டில், வாழ்க்கைத் துணைவியாராகவும் தொழில் துணைவராகவும் விளங்கிய பொன்னம்மாள் காலமானார். அப்பெருந்துயரும் பண்டிதரின் முயற்சியைத் தளர்த்தவில்லை. 1912-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் தஞ்சையில் அவர் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தைத் தோற்றுவித்தார்.

1912 முதல் 1914 வரை அச்சங்கத்தின் சார்பில் ஆறு மாநாடுகள் நடைபெற்றன. பல ஊர்களிலிருந்தும் பாடகரும் வீணை வல்லுநரும் இசைநூற் புலவரும் அவற்றில் கலந்துகொண்டனர். மாநாட்டுச் செலவை எல்லாம் பண்டிதரே ஏற்றார். வாதங்கள் பல நடந்தன. பண்டிதரின் கருத்தை உடன்பட்டோரும் இருந்தனர், மறுத்தோரும் இருந்தனர். மறுத்தோரையும் தம் செலவில் வரவழைத்து, அவர்தம் மறுப்பைப் பொறுமையோடு கேட்டமை பண்டிதரின் பெருந்தன்மையைக் காட்டும். சோறிட்டவர் கருத்துக்கு இசைய வேண்டும் என்னும் கட்டுப்பாடு அவ்வவையில் இல்லை. அரண்மனை அவைகளிலும் காண்டற்கரிய உரிமை அங்கே நிலவிற்று.

பரோடா மாநாடு

1916-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அனைத்திந்திய இசை மாநாடு பரோடா நகரத்தில் கூடிற்று. மூன்றாம் சாயாசிராவ் கெயிக்வாட் மன்னரின் ஆதரவில், பாத்கண்டே என்னும் இசையறிஞரின் முயற்சியால் நடந்த மாநாடு அது. இருபத்திரண்டு சுருதிக் கொள்கையை வலியுறுத்தும் அறிஞர் பலர் அங்கே வந்திருந்தனர்.

பண்டிதர் தம் குடும்பத்தாருடன் அவ்வளவு தொலைவும் பயணஞ் செய்து அம்மாநாட்டிற் கலந்துகொண்டார். அறிமுகமில்லாத ஊர், மொழி வேறு, கூடியிருந்தோருள் பலர் மாறுபட்ட கொள்கையினர். அந்த அவையில் அவர் தம் கணக்கினை விளக்கினார். சொல்லால் விளக்கியதோடு அமையாமல், தம் மகள் மரகதவல்லியையும் குடும்பத்துப் பிறரையும் கொண்டு இசைத்தும் காட்டினார். குலமகளிர் பேரவையில் பாடுதல் வழக்கமில்லாத காலத்தில், உண்மையை நிலைநாட்டுதற்கு அதுவே வழியென்று தெளிந்து அவர் அவ்வாறு செய்தார்.

சுருதி பற்றிய வழக்கு அம்மாநாட்டில் முடிவு பெறவில்லை. பண்டிதர் கணக்கைப் பிற்காலத்தாரும் ஒருங்கே ஏற்றுக்கொண்டனர் அல்லர். ஆயினும் தென்னாட்டு இசைக்குத் தொன்மையான தமிழ்நூற் சான்றுகள் உள என்பதை வடநாட்டு அறிஞர் அவையில் எடுத்துரைத்த பெருமை அவருக்கே உரியதாயிற்று.

கருணாமிர்த சாகரம்

பரோடாவிலிருந்து மீண்ட பண்டிதர், தம் வாழ்நாள் ஆராய்ச்சியை நூல்வடிவிற் கொணர முனைந்தார். மின்விசையால் இயங்கும் அச்சுக்கூடம் ஒன்றைத் தஞ்சையில் அவரே நடத்திவந்தார். இளமையிற் பயின்ற அச்சுத்தொழில் இப்போது கைகொடுத்தது. 1917-ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. 1,300 பக்கங்களுக்கு மேற்பட்ட அப்பெருநூலில், பழந்தமிழ் இசையின் வரலாறும், சுருதிகளைப் பற்றிப் பிறர் கூறிய கணக்குகளும், அவற்றை மறுக்கும் முறைகளும், பண்டிதர் கண்ட முடிபும் விரிவாக உரைக்கப்பட்டுள்ளன. பிறர் கூற்றை முழுமையும் எடுத்துக்காட்டியபின்னரே மறுப்புக் கூறும் நேர்மை அந்நூலில் விளங்கும்.

அத்துணைப் பெரிய நூலை அச்சிட்டு விற்று ஊதியம் காண இயலாது என்பதை வாணிகம் அறிந்த பண்டிதர் அறியாதவர் அல்லர். மருந்துச்சாலையில் வந்த பொருள் அச்சுக்கூடத்தில் சென்றது. அவர் அதனை இழப்பாகக் கருதவில்லை.

மறைவும் பின்னோர் பணியும்

நூலின் முதற்பகுதி வெளிவந்த இரண்டே ஆண்டுகளில், 1919-ஆம் ஆண்டு ஆகத்து 31-ஆம் நாள், தம் அறுபதாம் அகவையில் பண்டிதர் இயற்கை எய்தினார். இராகங்களைப் பற்றிய இரண்டாம் பகுதி அச்சேறாமல் நின்றது. தந்தையின் பணி நின்றுபோதலை மக்கள் விரும்பவில்லை. 27 ஆண்டுகள் கழித்து, 1946-ஆம் ஆண்டில் அப்பகுதி வெளிவந்தது. மைந்தருள் ஒருவராகிய வரகுண பாண்டியன், பாணர் கைவழி எனப்படும் யாழ்நூல் என்னும் ஆராய்ச்சி நூலை 1950-ஆம் ஆண்டில் வெளியிட்டார். செல்வத்தினும் பெரிதாகிய ஆராய்ச்சி வேட்கையைப் பண்டிதர் தம் மக்களுக்கு வைத்துச் சென்றார்.

1940-களில் தமிழிசை இயக்கம் நாட்டில் எழுந்தபோது, தமிழுக்கு இசைநூல் உண்டோ என்று கேட்டவர்க்கு எடுத்துக்காட்டத்தக்க நூலாகக் கருணாமிர்த சாகரம் அமைந்தது. தஞ்சை நகரத்தில் ஆபிரகாம் பண்டிதர் பெயரால் ஒரு சாலை விளங்குகின்றது.

முடிவுரை

மருந்து செய்வதும் இசையை ஆராய்வதும் வெவ்வேறு தொழில்கள். பண்டிதருக்கு அவ்விரண்டிலும் அமைந்த நெறி ஒன்றே. பிறர் சொல்லியதென்று ஒன்றைக் கொள்ளாமல், நிறுத்தும் அளந்தும் பார்த்தபின்னரே உண்மையெனக் கொள்வது அவர் முறை. தாம் உண்மையெனக் கண்டதையும் ஊரார் முன் வைத்து ஆராயவிடுவது அவர் துணிவு. அதற்காகும் செலவைத் தாமே ஏற்பது அவர் கொடை. நூற்கணக்கில் கருத்து வேறுபாடு இருக்கலாம். இந்நெறியில் வேறுபாடு கொள்வார் இலர்.

சிற்றூரிற் பிறந்து, ஆசிரியராய்ப் பணிசெய்து, மருந்து விற்றுப் பொருளீட்டிய ஒருவர், ஈட்டிய பொருளை இசையாராய்ச்சிக்கு ஈந்தார். தொழில் எதுவாயினும் அதனை நேர்மையுடன் செய்து, அதன் பயனை நாட்டிற்கு உரியதாக்கினால், அத்தொழில் செய்வோர் வாழ்வும் உயரும், நாடும் உயரும் என்பதற்கு ஆபிரகாம் பண்டிதரின் வாழ்க்கை சான்றாக விளங்குகின்றது.